வீட்டிலேயே நகம் உறுதியாக வளர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகம் உடைகிறது என்று வருபவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் இருக்கும். முதலில் எண்ணெய், அடுத்து கால்சியம், கடைசியில் பயோட்டின் என்கிற பி வைட்டமின் மாத்திரை. பாத்திரம் தேய்க்கிற தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாதிப் பேருக்குச் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறோம்.

ஒரு நகம் முழுசா புதுசா வளர எத்தனை நாள் ஆகும்?

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். அடியிலிருந்து நுனிவரை மாறிவர 5, 6 மாதம் பிடிக்கும். கால் நகம் இன்னும் மெதுவு; கால் கட்டைவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். கையிலேயே நடுவிரல் நகம் வேகமாக வளரும், சுண்டுவிரல் பின்தங்கும்.

நகம் பிறப்பது அடித்தோலுக்குள் ஒளிந்திருக்கும் வேரில். கட்டைவிரலில் வெள்ளைப் பிறையாகத் தெரிகிறதே, அது அந்த வேரின் முன்பகுதி. வெளியே தெரிகிற தகடு கெரட்டின் என்கிற உயிரில்லாத புரதம். அதனால் செய்ய முடிந்த வேலை இரண்டே: வேருக்குச் சாப்பாடு போடுவது, வெளியே வந்துவிட்ட தகட்டைக் கெடாமல் காப்பது. இன்று நன்றாகச் சாப்பிடத் தொடங்கினால் பலன் நுனிக்கு வந்து சேர அரை வருடம் ஆகும். பத்தே நாளில் நீள நகம் என்கிற குறிப்பு எதைப் பார்த்தாலும் இந்த 3 மி.மீ. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நுனி வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கா உரியுது. என்ன சத்து குறைச்சல்?

பெரும்பாலும் சத்துக் குறைச்சலே இல்லை, தண்ணீர்தான் காரணம். நகம் பல மெல்லிய அடுக்குகள் ஒட்டி உருவான தகடு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். காலையில் டம்ளர் கழுவி, அரிசி களைந்து, புளி கரைத்து, துணி அலசி என்று ஒரு நாளைக்கு இருபது தடவை நனைந்து காய்ந்தால் அடுக்குகளுக்கு நடுவே உள்ள பிடிப்பு விட்டுப்போகும். சோப்பு, நகத்திலிருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். மிச்சத்தைக் கம்பி நார் முடித்து வைக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கால் நகங்களைப் பாருங்கள். கால் நகம் நன்றாக இருந்து கை நகம் மட்டும் உரிந்தால், காரணம் வெளியே: தண்ணீர், சோப்பு, பாலிஷ் ரிமூவர். கையும் காலும் சேர்ந்து மோசமாக இருந்தால் உடம்புக்குள் தேட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் முதலில் பார்ப்பது வழக்கம்.

கிளவுஸ் போட்டா பாத்திரம் வழுக்குது, உள்ளே வேர்க்குது. வேற வழி இல்லையா?

வழுக்குவது பெரும்பாலும் அளவு பெரிதாக இருப்பதால். விரல் நுனியில் அரை செ.மீ.க்கு மேல் தொங்கினால் ஒரு சைஸ் குறைத்து வாங்குங்கள். வேர்ப்பதற்கு, உள்ளே மெல்லிய பருத்தி கிளவுஸ் போட்டு அதன்மேல் ரப்பர். இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போட வேண்டாம். வேர்வையில் ஊறினாலும் நகத்துக்கு அதுவும் தண்ணீர்தான். கழற்றியதும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள்.

கிளவுஸே பிடிக்காதென்றால், வேலைக்கு முன்னால் பத்து நகத்திலும் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பின்னால் தடவுவதைவிட இது உபயோகம். ஒவ்வொரு டம்ளராகக் கழுவாமல் சேர்த்துவைத்து ஒரே தடவையில் முடியுங்கள். கை நனைவது மொத்தம் எவ்வளவு நேரம் என்பதைப் போலவே, எத்தனை தடவை நனைந்து காய்கிறது என்பதும் முக்கியம். முடிந்ததும் துண்டால் நகத்தின் அடியையும் ஓரத்தையும் ஒற்றி எடுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவினா நகம் வளருமா?

வளராது. வேருக்கு எண்ணெய் சாப்பாடு இல்லை. ஆனால் தகட்டிலிருக்கும் ஈரம் வேகமாக வெளியேறாமல் தடுக்கும், நகம் வளையும், படக்கென்று முறியாது. முறியாமல் நிற்பதைத்தான் பலரும் "வளர்ந்தது" என்கிறார்கள்.

ராத்திரி படுக்கும் முன் கை கழுவி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் ஒவ்வொரு கைக்கும் இரண்டு சொட்டு போதும். அடித்தோல், இரு ஓரம், நுனியின் கீழ்ப்பக்கம் என்று ஒரு நிமிடம் தேயுங்கள். மேலே மெல்லிசாக வாசலின். நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ எது வீட்டில் இருக்கிறதோ அது. விலை உயர்ந்த 'நெயில் ஆயில்' வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ரொம்ப முரடாகிவிட்ட நகத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 10 சதவீத யூரியா கிரீம், எண்ணெயைவிட நன்றாக ஈரம் பிடிக்கும்.

வெட்டும்போதே விரிசல் விடுது. எப்படி வெட்டணும்?

காய்ந்த நகத்தை நகவெட்டியில் ஒரே கடியில் வெட்டுவதால்தான். வளைந்த தகட்டை நகவெட்டி தட்டையாக நசுக்குகிறது. நடுவில் விரிசல் ஓடுகிறது. குளித்த பிறகு, அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னக் கடியாக வெட்டுங்கள். வெள்ளைப் பகுதியில் 1 மி.மீ. விட்டுவிடுங்கள்.

ராவுவது இதற்கு நேர்மாறு: நகம் நன்றாகக் காய்ந்த பிறகுதான். நகவெட்டியோடு வரும் இரும்பு அரம் கரடுமுரடு, அது நுனியைப் பிய்க்கும். 180 அல்லது 240 என்று எண் போட்ட அட்டை ஃபைல் வாங்கி, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே திசையில் இழுங்கள். ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் தேய்த்தால் அடுக்குகள் பிரியும். வடிவத்தில், முனை லேசாக மழுங்கிய சதுரம் தாங்கும். கூரான நகம் எதிலாவது இடித்தால் போய்விடும்.

இன்னொன்று. சின்ன வெங்காயம் உரிப்பது, விலைச் சீட்டைச் சுரண்டுவது, சாவி வளையத்தைப் பிரிப்பது, தண்ணீர் கேனின் மூடியைக் கிழிப்பது எல்லாம் நகத்தின் வேலையே இல்லை. கத்தி முனையோ ஸ்பூன் காம்போ எடுங்கள். வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டுக் கத்தியால் தலையைக் கிள்ளினால் தோல் தானாக வரும்.

வெள்ளிக்கிழமை, ராத்திரியில் வெட்டக்கூடாது என்பதற்கும் நக வளர்ச்சிக்கும் சம்பந்தமில்லை. மங்கின வெளிச்சத்தில் சதையையும் சேர்த்து வெட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

நகத்துல வெள்ளைப் புள்ளி இருக்கு. கால்சியம் மாத்திரை போடலாமா?

இதற்காக வேண்டாம். அங்கங்கே வரும் வெள்ளைப் புள்ளி, வேரில் எப்போதோ பட்ட சின்ன அடியின் தழும்பு. கதவில் இடித்தது, அடித்தோலைப் பின்னால் தள்ளிக் கீறியது, நகம் கடித்தது எதுவாகவும் இருக்கலாம். அது நகத்தோடு நகர்ந்து நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போகும். அடியிலிருந்து 6 மி.மீ. தள்ளி இருந்தால், அடி பட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று முதல் பதிலின் கணக்குப்படி சொல்லிவிடலாம். அடிக்கடி வந்தால், கையை என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

நகத்தில் கால்சியம் மிகமிகக் கொஞ்சம். உறுதி கொடுப்பது கெரட்டின் இழைகளைப் பூட்டிவைக்கும் கந்தகப் பிணைப்புகள். எலும்புக்குச் சொல்லும் கணக்கை நகத்துக்குச் சொல்வதால் வந்த குழப்பம் இது.

அப்போ என்னதான் சாப்பிடணும்?

முதலில் புரதம். உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு. 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் வரும். ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10 கிராமை ஒட்டி வரும். காலையில் இட்லி சட்னி, மதியம் ரசம் சாதம், ராத்திரி உப்புமா என்று போனால் 46 எட்டாது. கெட்டியான பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும்.

அடுத்து இரும்புச்சத்து. நம் பெண்களிடம் அதிகம் குறைவது இதுதான். நகம் மெலிந்து, நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கிற அளவுக்குக் கரண்டிபோல் ஆகிவிட்டால் ரத்தசோகையைச் சந்தேகிக்க வேண்டும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கு. உடம்பில் சேமிப்பிலிருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் சேர்த்துப் பாருங்கள், ஹீமோகுளோபின் இறங்கும் முன்பே அது இறங்கிவிடும். ஈரல், சுவரொட்டி, கீரை, கேழ்வரகு எது சாப்பிட்டாலும் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஏறாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பயோட்டின் மாத்திரை எல்லாரும் போடறாங்களே, நானும் போடட்டுமா?

எளிதில் உடையும் நகம் உள்ளவர்களுக்குத் தினம் 2.5 மி.கி. கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் நகம் தடித்தது. ஆனால் அவற்றின் ஆதாரம் பலமானதல்ல. உடம்பில் பயோட்டின் குறைபாடு அரிது. நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும், முட்டை, கடலை, பருப்பிலேயே வந்துவிடும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆகவே வேகவைத்தே சாப்பிடுங்கள். கடையில் விற்கும் மாத்திரை பலதும் 10 மி.கி., தேவையைப்போல் 300 மடங்குக்கும் மேல்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதிக பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைப் பொய்யாக்கும். தைராய்டு அதிகமாக இருப்பதுபோல் காட்டலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017லேயே இதை எச்சரித்தது. நகம் உடைகிறது என்று பயோட்டின் போட்டுக்கொண்டே தைராய்டு பரிசோதனைக்குப் போவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. போடுகிறவர்கள் டாக்டரிடமும் லேபிலும் சொல்லுங்கள், எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டு நிறுத்துங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் மேற்கொண்டு போடுவதில் அர்த்தமில்லை.

பூண்டு, எலுமிச்சை தேய்ச்சா வலுவாகும்னு சொல்றாங்க?

பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் வரும். எலுமிச்சை மஞ்சள் கறையைக் கொஞ்சம் எடுக்கும், கூடவே நகத்தை வறட்டும். இரண்டும் வேண்டாம்.

பார்லர்ல அடித்தோலை வெட்டி எடுக்கிறாங்க. அது நல்லதா?

நல்லதில்லை. க்யூட்டிகிள் என்கிற அந்த மெல்லிய தோல், தகட்டுக்கும் வேருக்கும் நடுவில் தண்ணீரும் கிருமியும் இறங்காமல் ஒட்டிவைத்த அடைப்பு. வெட்டினால் வழி திறக்கிறது. எண்ணெயில் ஊறவைத்து, ஈரத் துணி சுற்றிய விரலால் லேசாகப் பின்னால் ஒதுக்கினால் போதும். ஓரத்தில் தோல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், சுத்தமான சின்னக் கத்தரியால் அடியோடு நறுக்குங்கள்.

ஊசி, குண்டூசியால் நகக்கண்ணைத் தோண்டி அழுக்கெடுப்பதும் இதே தப்புதான். தகடு சதையிலிருந்து பெயர்ந்து, வெள்ளைப் பகுதி உள்ளே உள்ளே போகும். பழைய மென்மையான டூத் பிரஷ் போதும்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழம் சொருகலாமா?

எலுமிச்சையில் ஓட்டை போட்டு விரலை நுழைத்து வைப்பது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிறது. குளிர்ச்சியாக இருக்கும், விரலும் ஆடாமல் இருக்கும். ஆனால் உள்ளே பழுக்கிற சீழை அது எடுக்காது, புண் வாய் திறந்திருந்தால் எரிச்சலையும் கூட்டும். முதல் நாள், வெறும் சிவப்பும் வலியும்தான் என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை முக்கி, நன்றாகத் துடையுங்கள். சீழ் கோத்து விண்விண் என்று தெறித்தாலோ, சிவப்பு விரலில் ஏறினாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ காத்திராமல் டாக்டரிடம் போங்கள். கீறி விட்டால் அன்று ராத்திரியே தூங்கலாம்.

மாதக்கணக்கில் வலி குறைவாக, ஓரம் உப்பி, அடித்தோல் காணாமல் போயிருப்பது வேறு வகை. தண்ணீரிலேயே வேலை செய்கிறவர்களுக்கு வருவது. கையை உலர வைக்காமல் எந்தக் களிம்பும் இதற்குப் பிடிக்காது. மேலே கிளவுஸ் கேள்விக்குச் சொன்ன பதில்தான் முதல் மருந்து.

நெயில் பாலிஷ் போட்டா நகத்துக்கு மூச்சு முட்டும்னு சொல்றது நிஜமா?

நகம் மூச்சு விடுவதில்லை. வேருக்குப் பிராணவாயு ரத்தத்தில் வருகிறது. பாலிஷ் ஒருவகையில் தண்ணீரைத் தடுக்கவும் செய்யும். கெடுப்பது அதை எடுக்கிற விதம். காய்ந்த பாலிஷைச் சுரண்டினால் மேலடுக்கும் கூடவே வரும். ரிமூவரில் நனைத்த பஞ்சைப் பத்து விநாடி அழுத்தி வைத்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ரிமூவர் வேண்டாம், எடுத்ததும் எண்ணெய்.

அடர் சிவப்பு போட்டுப் போட்டு மஞ்சளாகிப்போனால் அது சாயக் கறை. அடியில் நிறமில்லாத பேஸ் கோட் போட்டால் வராது. வந்த கறை நகத்தோடு வளர்ந்துதான் போகும்.

'ஹார்டனர்' என்று விற்பவற்றில் ஃபார்மால்டிஹைடு கலந்தவை முதல் சில வாரம் கல்லுமாதிரி ஆக்கும். பிறகு வளைய முடியாமல் முறியும். நகத்துக்குக் கடினம் மட்டும் போதாது, வளைவும் வேண்டும்.

ஜெல் நெயில் எடுத்த பிறகு நகம் பேப்பர் மாதிரி ஆயிடுச்சு. எப்போ சரியாகும்?

ராவி மெலிந்த பகுதி மறுபடி தடிக்காது. வளர்ந்து வெளியேற வேண்டும், அதாவது 5, 6 மாதம். அதுவரை குட்டையாக வெட்டி வைத்து, ராத்திரி எண்ணெய். ஜெல்லை நீங்களே பிய்க்காதீர்கள். அசிட்டோன் பஞ்சு வைத்து அலுமினியத் தாள் சுற்றி 10, 15 நிமிடம் ஊறினால் தானாகத் தளரும். தளராத இடத்தைச் சுரண்டாமல் இன்னும் 5 நிமிடம் வையுங்கள்.

வீட்டுக்கென விற்கும் ஜெல் கிட்டில் இன்னொரு தொல்லை, காயாத ஜெல் தோலில் படுவது. அதிலுள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் ஒருமுறை அலர்ஜியாகிவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும். பின்னாளில் பல் அடைப்பதில்கூடப் பிரச்சினை வரலாம். ஜெல்லை உறையவைக்கும் டிபிஓ என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் அழகுப்பொருள்களில் தடை செய்துவிட்டது. வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்.

மருதாணி வெச்சா நகம் கெடுமா?

இலையை அரைத்து வைத்தால் கெடாது. அதிலிருக்கும் லாசோன் என்ற சாயம் கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும். தோலில் பத்து நாளில் போகிற சிவப்பு நகத்தில் மாதக்கணக்கில் நிற்பது அதனால்தான். நகம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது: அடியில் வெள்ளையாகத் தெரியும் இடைவெளியை அளந்தால் போதும். அரை மணியில் கறுப்பாகப் பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' கோனைத் தொடாதீர்கள். அதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பிபிடி இருக்கும், தோல் வெந்துவிடும்.

நடுவுல குறுக்கே கிழிஞ்சு தொங்குது. கல்யாணம் வருது, வெட்டாம ஒட்ட முடியுமா?

கிழிசல் வெள்ளைப் பகுதியில் இருந்தால் முடியும். நகத்தை ரிமூவரால் துடைத்துக் காயவிடுங்கள். காலி டீ பேக்கின் தாளில், கிழிசலைவிடச் சுற்றிலும் 2 மி.மீ. பெரிதாக ஒரு துண்டு வெட்டுங்கள். நெயில் குளு ஒரே ஒரு சொட்டு. தாளை ட்வீசரால் எடுத்து வைத்து, ஈர்க்குச்சியால் சமமாக அழுத்துங்கள். காய்ந்ததும் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு, பிறகு 240 ஃபைலால் விளிம்பை மட்டும் மழுப்பி, பாலிஷ். ஒரு வாரம் தாங்கும்.

இந்தப் பசையைப் பஞ்சால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். கிழிசல் சதைக்குள் போயிருந்தாலோ ரத்தம் வந்தாலோ பசை வேண்டாம். கழுவி, பிளாஸ்திரி சுற்றி, வளரும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

கோடு கோடா இருக்கே, பயப்படணுமா?

அடியிலிருந்து நுனிக்கு ஓடும் மெல்லிய மேடுகள் வயதானால் வருவது, நகத்துக்குச் சுருக்கம் மாதிரி. ராவிச் சமமாக்க வேண்டாம், நகம் மெலியும். குறுக்கே பள்ளமாக, எல்லா நகத்திலும் ஒரே உயரத்தில் கோடு இருந்தால், சில மாதம் முன்பு கடும் காய்ச்சலோ டெங்குவோ அறுவை சிகிச்சையோ நடந்து, அப்போது வேர் வேலையை நிறுத்தியிருக்கிறது. அதுவும் வளர்ந்து போகும்.

குண்டூசியால் குத்தினாற்போல் குழிகள் நிறைய இருந்தால் சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருக்கிறதா என்று தோல் டாக்டர் பார்க்கட்டும். ஒரு நகம் மட்டும் மஞ்சளாகித் தடித்து, அடியில் மாவுபோல் உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். நகத் துணுக்கைப் பரிசோதித்து உறுதி செய்த பிறகே மாத்திரை. கை நகத்துக்கு வழக்கமாக 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். மாத்திரை முடிந்ததும் நகம் பளிச்சென்று ஆகாது, கெட்ட பகுதி வளர்ந்து வெளியேற வேண்டும். அதைத் தெரியாமல் "மருந்து வேலை செய்யலை" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

நகத்துல கறுப்புக் கோடு நீளமா ஓடுது. அடி பட்டதா, வேற எதுவுமா?

அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் திட்டாக இருக்கும், மாதம் 3 மி.மீ. நுனியை நோக்கி நகரும், அதற்குப் பின்னால் அடியில் சுத்தமான நகம் தெரியும். அடி முதல் நுனிவரை விடாமல் ஓடும் கோடு அப்படி நகராது. நம்மைப் போன்ற கறுத்த நிறத்தவருக்குப் பல விரல்களில் இப்படிப் பழுப்புக் கோடு இயல்பாகவே இருக்கும். வைட்டமின் பி12 குறைந்தாலும் நகம் கறுக்கும்.

டாக்டரிடம் போக வேண்டியது இப்படி இருந்தால்: ஒரே விரலில், முக்கியமாகக் கட்டைவிரலில், பெரியவரான பிறகு புதிதாக வந்த கோடு, மாதாமாதம் அகலமாவது, அடிப்பக்கம் நுனிப்பக்கத்தைவிட அகலமாக இருப்பது, கறுப்பு நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் பரவுவது. நகத்துக்கடியில் வரும் மெலனோமா என்கிற புற்றுநோய் இப்படித் தொடங்கும். அரிது, ஆனால் வலிக்காது என்பதால் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள். போகும்போது கை, கால் இருபது நகத்திலும் பாலிஷைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் போங்கள்.